மெதுவான கிருமிக்கு ஏன் இத்தனை அவசரம்?

சளி டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, அனுபவப்பட்ட லேப் டெக்னீஷியன் அதன் ஜாதகத்தைப் பாதி படித்துவிடுவார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, லேசாகச் சாய்த்துப் பார்ப்பார். மஞ்சள் கலந்து கெட்டியாக, இழுபட்டு மெல்ல நகர்ந்தால் நெஞ்சிலிருந்து வந்த சளி. நுரைத்துக்கொண்டு தண்ணீர்போல ஓடினால் எச்சில். இவை இரண்டும் போக, கோடையில் தொலைவிலிருந்து வரும் டப்பாக்களில் மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அனுப்பும்போது கெட்டியாகத்தான் இருந்திருக்கும்; வந்து சேரும்போது நிறம் மங்கி, கொழகொழப்பு போய், நீர்த்துக் கிடக்கும். அதைப் பார்த்ததும் டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்குவார்.

அந்த மூன்றாவது டப்பாவுக்குள் என்ன நடந்தது? காசநோய்க் கிருமி பெருகிவிட்டது என்றுதான் பலர் நினைப்பார்கள். அது அங்கே எதுவுமே செய்திருக்காது. மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்ற அந்தக் கிருமி, நுண்ணுயிர் உலகின் ஆமை. உடல் சூடும் உணவும் சரியாக அமைந்தாலே அது ஒருமுறை இரண்டாகப் பிரிய 18 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நம் குடலில் வாழும் ஈ.கோலை தோதான சூழலில் 20 நிமிடத்தில் பிரிந்துவிடும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒற்றை பாக்டீரியா, 10 மணி நேரத்தில் 107 கோடியைத் தாண்டும். தீனி தீர்ந்துபோவதால் நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது. என்றாலும் போட்டி எப்படிப்பட்டது என்பது புரியும். அதே 10 மணி நேரத்தில் காசநோய்க் கிருமி ஒரு தடவைகூடப் பிரிந்திருக்காது.

சளி நெஞ்சிலிருந்து கிளம்பினாலும் வாய் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். பல்லிடுக்கிலும் நாக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வழியில் தொற்றிக்கொள்கின்றன. சளியின் புரதமும் ஈரமும் அவற்றுக்குக் கல்யாணச் சாப்பாடு. வெயிலில் காய்ந்த பஸ்ஸின் எஞ்சின் மேட்டில் டப்பா ஏறி உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, காசநோய்ச் சளியைப் பாதுகாப்பது என்றால் அந்த ஆமையைக் காப்பாற்றுவதைவிட, அதைச் சுற்றியிருக்கும் முயல்களைக் கட்டிப்போடுவதுதான் பெரிய வேலை.

எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் பரிசோதனைக்குப் பரிசோதனை மாறுகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் பல குழப்பங்கள் வருகின்றன.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்குக் கிருமியின் உடம்பு போதும், உயிர் வேண்டாம். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுக்குள் சீல், நீல்சன் என்ற இருவர் செம்மைப்படுத்திய சாயமேற்றும் முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். கிருமியின் மேலே மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத் தன்மையுள்ள போர்வை இருக்கிறது. சூடாக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றினால் உள்ளே போன சாயத்தை அது விடாது. அமிலம் ஊற்றிக் கழுவினாலும் விடாது. செத்த கிருமிக்கும் அந்தப் போர்வை இருப்பதால், ஓரிரு நாள் தாமதமான சளியிலும் அது சிவப்புக் குச்சியாகத் தெரியும். ஆனால் இந்த முறையின் கண் கொஞ்சம் மங்கல். ஒரு மில்லி லிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் தட்டுப்படும்.

ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற மூலக்கூறு கருவிகள் தேடுவது கிருமியின் டி.என்.ஏ.வை. நம் அரசு மருத்துவமனைகளில் 'சிபிநாட்' என்ற பெயரில் அறியப்படுவது இதுதான். பழைய வகைச் சோதனைக்கு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 130 கிருமி போதும். 'அல்ட்ரா' என்ற புதிய வகைக்கு ஏறத்தாழ 16 போதும். இங்கேயும் கிருமி உயிரோடிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, டி.என்.ஏ. சிதையாமல் இருந்தால் சரி. தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு: 35 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் மூன்று நாள், 2 முதல் 8 டிகிரி குளிரில் பத்து நாள் வரை. படிக்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. வேலூரில் மே மாதம் 35 டிகிரி என்பது மதியச் சாப்பாட்டுக்கு வெகுமுன்பே தாண்டிப்போகும் எண் என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது?

மூன்றாவது, வளர்ப்புச் சோதனை. கல்ச்சர் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இதற்குக் கிருமி உயிரோடு வந்து சேர்ந்தே ஆகவேண்டும். மில்லி லிட்டருக்கு 10 முதல் 100 கிருமி இருந்தாலே வளர்த்தெடுத்துவிடலாம். எந்த மருந்துக்கு அது மசியும், எதற்கு மசியாது என்பதையும் அந்த மருந்தோடு சேர்த்து வளரவிட்டே சோதிக்கலாம். மூன்றில் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது இதற்குத்தான்.

கல்ச்சர் அறையில் லோவன்ஸ்டீன்-ஜென்சன் ஊடகக் குழாய்களைப் பார்த்திருக்கிறீர்களா? கோழி முட்டையைக் கலக்கி, அதில் மாலகைட் பச்சை என்ற சாயமும் கிளிசரினும் சில உப்புகளும் சேர்த்து, குழாயைச் சாய்த்து வைத்துச் சூட்டில் இறுகவிடுவார்கள். வெளிர்பச்சை நிறத்தில் சரிவாக உறைந்து நிற்கும். காசநோய்க் கிருமி வளர்ந்தால், அந்தப் பச்சைச் சரிவில் வறுத்த ரவையைத் தூவி ஒட்டினாற்போல, வறண்ட, சொரசொரப்பான, பழுப்பு கலந்த புள்ளிகள் எழும். அதற்குச் சில வாரம் ஆகும். எதுவும் வளரவில்லை என்று சொல்ல எட்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். வாய்க் கிருமிகள் கலந்துவிட்ட குழாயோ இரண்டே நாளில் காட்டிக்கொடுக்கும். முட்டையைத் தின்று, சரிவை இளக்கி, அடியில் கூழாக்கிவிடும். நான்காவது வாரம் தலைகாட்ட வேண்டிய கிருமிக்கு நிற்க இடமில்லை. அறிக்கையில் 'கலப்படம்' என்று ஒரே சொல் எழுதுவார்கள்.

அந்த ஒரு சொல்லுக்காக நோயாளி மறுபடி வரவேண்டும். பஸ் செலவு, ஒரு நாள் கூலி இரண்டும் போயிற்று. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. முதல் சளியைக் கொடுத்த கையோடு அவருக்கு மாத்திரை தொடங்கியிருப்பார்கள். இரண்டாவது முறை அவர் இருமித் தருவது வேறு சளி. மருந்து பட்டுக் கிருமிகளில் பெரும்பங்கு செத்திருக்கும். மருந்து படாத அந்த முதல் சளி இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது.

வாய்க் கிருமிகளை ஒழிக்க ஆய்வகங்கள் கையாளும் வழி நூறாண்டுப் பழசு. 1915இல் பெட்ராஃப் என்பவர் சோடியம் ஹைட்ராக்சைடை, அதாவது காஸ்டிக் சோடாவை, சளியில் கலந்தார். சாதாரண பாக்டீரியா அதில் கரைந்து சாகும். மெழுகுப் போர்வைக்காரன் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பான். பின்னாளில் இதோடு என்-அசிட்டைல் சிஸ்டீனையும் சேர்த்துக்கொண்டார்கள். நெஞ்சுச்சளியைக் கரைக்க மருத்துவர்கள் தரும் அதே மருந்துதான். சளியைக் கெட்டியாகப் பிணைத்திருக்கும் கந்தகக் கண்ணிகளை அது அறுப்பதால், சோடாவின் அளவைக் குறைத்துக்கொள்ள முடிந்தது.

கொஞ்ச நேரம் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். சோடாவோடு 15, 20 நிமிடத்துக்கு மேல் விட்டுவைத்தால் காசநோய்க் கிருமியும் சாகத் தொடங்கும். முறையாகச் செய்தாலே ஒரு கணிசமான பங்கு பலியாகிவிடுகிறது. இதனால் நல்ல ஆய்வகத்தில் விசித்திரமான ஒரு தர அளவுகோல் உண்டு: முட்டை ஊடகத்தில் நூற்றுக்கு 3 முதல் 5 குழாய் கலப்படமாகிக் கெட்டுப்போக வேண்டும்! அதற்கு மேலே போனால் சளி பழசாக வருகிறது அல்லது சோடா பற்றவில்லை. ஒன்றுகூடக் கெடவில்லை என்று யாராவது பெருமைப்பட்டுக்கொண்டால் மேற்பார்வையாளர் சந்தேகப்படுவார். சோடா கடுமையாகி, தேடிவந்த ஆளையும் சேர்த்துக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் சளி ஆய்வகத்துக்கு வந்த பிறகு நடக்கும் வேலை. வழியில் என்ன செய்வது?

இந்தக் கேள்வி கூர்மையானதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஒருகாலத்தில் காசநோயாளி என்றால் சானடோரியம்தான் கதி. தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சவுரி முத்து 1928இல் தொடங்கியது அப்படியொரு சானடோரியம். ரயில் நிலையத்தின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிட்டவர்களையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது: வீட்டுச் சிகிச்சை எந்த விதத்திலும் சளைத்ததல்ல. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மெல்ல மூடுவதற்கு வழிவிட்ட முடிவு அது. நோயாளி வீட்டிலேயே இருக்கலாம் என்று ஆகிவிட்டது. அவருக்குப் பதிலாக அவருடைய சளி பயணம் போகத் தொடங்கியது.

முதல் வழி, குளிர். 2 முதல் 8 டிகிரியில் வாய்க் கிருமிகள் சோம்பிக் கிடக்கும். ஆமைக்கு ஒன்றும் ஆகாது. பிரிட்ஜும் ஐஸ்பேக்கும் தெர்மோகோல் பெட்டியும் இருக்கிற இடத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் எண்ணம். உயிருள்ள கிருமி எந்த ரசாயனமும் படாமல் வந்து சேரும், எந்தச் சோதனைக்கும் உதவும். ஆனால் குளிர்ச்சி நல்லது என்பதற்காக ஃப்ரீசரில் போட்டு உறைய வைப்பது வேறு கதை. உறைந்து உருகும்போது கிருமிகளில் ஒரு பகுதி செத்துப்போகும். வெயிலும் ஆகாது. நேரடி வெயிலில் இந்தக் கிருமி சாகும் என்பதை கோக்கே 1890இல் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் நல்ல வெளிச்சம் வரட்டும் என்று நோயாளிக்குச் சொல்லும் அறிவுரை, டப்பா விஷயத்தில் தலைகீழாகிவிடுகிறது.

குளிர்பெட்டி இல்லாத இடங்களுக்காக 1975இல் ஸ்மித்விக், ஸ்ட்ராட்டிகோஸ், டேவிட் என்ற மூவர் ஒரு கரைசலை முன்வைத்தார்கள். செட்டில்பிரிடினியம் குளோரைடு ஒரு சதவீதம், சமையல் உப்பு இரண்டு சதவீதம். ஆய்வகங்களில் சுருக்கமாக சி.பி.சி. என்பார்கள். சளியின் அளவுக்குச் சமமாக இதை ஊற்றி மூடிவைத்தால், ஐஸ் இல்லாமலே எட்டு நாள்வரை பயணம் தாங்கும் என்று அவர்கள் காட்டினார்கள். சி.பி.சி. சோப்பைப்போல வேலை செய்யும் பொருள். சாதாரண பாக்டீரியாவின் சவ்வைக் கிழித்துவிடும். மெழுகுப் போர்வைக்குள் இருப்பவனிடம் அதன் ஜம்பம் சட்டென்று பலிக்காது. சளியை இளக்கியும் விடுவதால், பெட்டி பஸ்ஸில் குலுங்கி வரும்போதே ஆய்வகத்தின் பாதி வேலை முடிந்திருக்கும். இந்தியாவில் மருந்தெதிர்ப்புக் காசநோயைக் கண்டுபிடிக்கும் பணியில், ஃபால்கன் குழாய் எனப்படும் 50 மில்லி லிட்டர் கூம்புக் குழாய்களில் சி.பி.சி. ஊற்றி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், மருந்துக் கடையில் விற்கும் பல வாய் கொப்பளிக்கும் திரவங்களில் இருப்பதும் இதே சி.பி.சி.தான், அளவு மட்டும் மிகக் குறைவு. சளி கொடுக்குமுன் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள், மவுத்வாஷ் வேண்டாம் என்று சொல்கிறோம். பிறகு அதே சரக்கை நாமே குழாயில் ஊற்றுகிறோம்!

சி.பி.சி.யிடம் இரண்டு முரண்டு உண்டு. ஒன்றை நானே பார்த்தேன். ஒரு மாவட்ட ஆய்வகத்துக்கு ஒருமுறை போயிருந்தபோது, முந்தைய நாள் மாலை வந்த குழாய்களைப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அக்கறையாக பிரிட்ஜில் அடுக்கியிருந்தான். வேறெந்தச் சளியாக இருந்தாலும் அவனை மெச்சியிருப்பார்கள். காலையில் எடுத்தால், மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்ததுபோல ஒவ்வொரு குழாயிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகம். 20 டிகிரிக்குக் கீழே போனால் சி.பி.சி. கரைசலில் நிற்காது. கரைசலில் இல்லாத மருந்து வாய்க் கிருமியை என்ன செய்யும்? சீனியர் டெக்னீஷியன் அக்கா அவனைத் திட்டவில்லை. குழாய்களை மேஜைமேல் எடுத்து வைத்து, "தம்பி, குளிருக்குப் பயந்த ஒரே சளி இதுதான்" என்றார்.

இரண்டாவது முரண்டு, ஊடகம். கழுவிய பிறகும் சளியில் கொஞ்சம் சி.பி.சி. தங்கிவிடும், அது நாளடைவில் காசநோய்க் கிருமியையே வளரவிடாது. முட்டை ஊடகத்தில் இது பிரச்சினையில்லை. மஞ்சள்கருவிலுள்ள பாஸ்போலிப்பிடுகள் மிச்சமிருக்கும் சி.பி.சி.யைப் பிடித்து அடக்கிவிடும். ஆனால் எம்.ஜி.ஐ.டி. எனப்படும் திரவ ஊடகத்தில் முட்டை கிடையாது. முட்டை ஊடகத்தைவிட வேகமாக, அதிகபட்சம் 42 நாளில் முடிவு தருவதால் பெரிய ஆய்வகங்கள் திரவ ஊடகத்துக்கு மாறின. மாறியதும், எட்டு நாள் தாங்கிய இந்த அருமையான கரைசல் அங்கே வேண்டாத விருந்தாளி ஆகிவிட்டது. மறுபடி ஐஸ்பேக், மறுபடி தெர்மோகோல்.

இந்த இடைவெளியை நிரப்பப் பல வணிகத் தயாரிப்புகள் சந்தைக்கு வந்தன. ஓம்னிஜீன் ஸ்பூட்டம், காசநோய்க் கிருமியை உயிரோடு வைத்துக்கொண்டு மற்றதை ஒழிப்பதாகச் சொன்னது. பிரைம்ஸ்டோர் திரவம் கிருமியைக் கொன்று டி.என்.ஏ.வை மட்டும் காப்பது. எஃப்.டி.ஏ. (FTA) அட்டை என்பது மருந்தில் ஊறிய தடித்த காகிதம். சளியைத் தடவிக் காயவைத்தால் செல்கள் உடைந்து டி.என்.ஏ. நாரில் ஒட்டிக்கொள்ளும், உறையில் போட்டு அனுப்பலாம். 2017இல் உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி இந்த மூன்றையும் அலசியது. எல்லோரும் வாங்கிப் பயன்படுத்துங்கள் என்று பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றார்கள்.

கொன்று அனுப்புவதில் ஒரு பெரிய வசதி உண்டு: டப்பா உடைந்தாலும் யாருக்கும் தொற்றாது. ஒரு பெரிய இழப்பும் உண்டு. சிபிநாட் சொல்வது காசநோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்ற இரண்டைத்தான். பெடாகுலின் போன்ற புதிய மருந்துகளுக்குக் கிருமி மசியுமா என்று பார்க்க, மரபணுவை வரிசைப்படுத்த வேண்டும் அல்லது உயிருள்ள கிருமி வேண்டும். வரிசைப்படுத்தும் முறை பரவலாகும்வரை, ஒரே சளியில் பாதியைக் கொன்றும் பாதியைக் குளிரவைத்தும் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சளியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகாமல் ஆய்வகத்தையே சளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்? கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி அந்த ரகம். பேட்டரியில் ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்து மேஜையில் வைத்துவிடலாம். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது. முதல் சோதனைக்கான பயணம் இதனால் பெரிதும் குறையும். கல்ச்சர் ஆய்வகத்தை அப்படி மேஜையில் வைக்க முடியாது. கிருமி வெளியேறாதபடி காற்றழுத்தம் குறைத்த அறைகள் வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். ஆகவே அதற்கான பயணம் தொடரும். பப்புவா நியூ கினியில் சாலையே இல்லாத ஊர்களிலிருந்து சளியை எடுத்துவர எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2014இல் ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்தது. நம் ஊரில் பெரும்பாலும் கூரியர், தபால், டூவீலர்.

எதில் போனாலும் கட்டும் முறை ஒன்றுதான். மூடி இறுகிய குழாய். மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் என்ற இழுபடும் மெல்லிய படலம். கசிந்தால் உறிஞ்சப் பஞ்சு. அதைச் சுற்றி ஒழுகாத உறை. வெளியே உறுதியான பெட்டி. பெட்டிமேல் யு.என். 3373 என்ற சாய்சதுர முத்திரை. நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளுக்கான உலகப் பொது எண் அது. பரிசோதனைப் படிவத்தைக் குழாயோடு சேர்த்துச் சுற்றக்கூடாது. கசிந்தால் படிவமும் நனையும், அதைத் தொடுகிறவருக்கும் ஆபத்து.

பெயரை மூடிமேல் எழுதக்கூடாது. மேஜையில் நான்கைந்து குழாய் திறந்திருக்கும்போது மூடிகள் இடம் மாறினால் நோயும் ஆள் மாறிவிடும். குழாயின் பக்கவாட்டில்தான் எழுதவேண்டும், அதுவும் அழியாத மையில். ஐஸ்பேக் வியர்த்து வடியும் நீரில் சாதாரண மை எழுத்து கரைந்து கறையாகிவிடும். இதையெல்லாம் இப்போது பெரும்பாலும் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் அடிக்கடி காலியாக வருகிறது: சளி எடுத்த தேதியும் நேரமும். பெயர், வயது, முகவரி, கைபேசி எண் எல்லாம் நிரப்பியிருக்கும். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், நீர்த்துப்போன டப்பாவைக் கையில் வைத்திருக்கும் டெக்னீஷியனுக்கு அது ஆறு மணி நேரச் சளியா மூன்று நாள் சளியா என்று தெரியாது. சோடாவை எத்தனை நிமிடம் விடுவது என்று யோசித்தபடி, அவர் டப்பாவை மறுபடி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்.